மாமூலும் ரசீதும்

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது துணைக்கு நம்மையும் அழைத்துப் போனார். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள். சாதிச் சான்று, வருமானச் சான்று, மாற்றுச் சான்று என்று எல்லாவற்றையும் மூன்று மூன்று நகல் எடுத்து, மழை வந்தாலும் நனையாதபடி பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்து வைத்திருந்தது அந்தப் பிள்ளை.

அது ஒரு தனியார் கல்லூரி. அலுவலகத்தில் கட்டணப் பட்டியலை நீட்டினார்கள். பட்டியலில் இருந்த தொகையைக் கட்டியதும் ரசீது வந்தது. வேலை முடிந்தது என்று எழுந்தோம். எழுத்தர் குரலைத் தாழ்த்தி, "இது இல்லாம தனியா ஒரு 7,500 கட்டணும்மா" என்றார். எதற்கு என்று கேட்டோம். "எல்லாரும் கட்டறதுதான் சார். மாமூல்" என்றார்.

அவர் மிரட்டவில்லை, அதட்டவும் இல்லை. சித்திரையில் வெயில் அடிக்கும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். அந்த அம்மாவும் மறுபேச்சுப் பேசவில்லை. "இன்னா அண்ணா பண்றது, எல்லாரும் கட்டறாங்கன்னா நாமளும் கட்டித்தான ஆவணும்" என்று சுருக்குப் பையைத் திறந்தார். அந்தத் தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி.

மகள்தான் கேட்டது: "இதுக்கு ரசீது உண்டா சார்?"

எழுத்தர் சிரித்தார். "இதுக்கெல்லாம் ரசீது கிடையாதும்மா."

பிறகு என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறோம். மாமூல், ரசீது என்ற இந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டும். இரண்டுமே நம் ஆற்காட்டு மண்ணில் பல தலைமுறையாகப் புழங்கும் சொற்கள். ஒன்றை நன்றாகப் பழகிக்கொண்டோம். இன்னொன்றைக் கேட்கவே கூச்சப்படுகிறோம்.

கச்சேரியிலிருந்து வந்த சொற்கள்

ஆற்காடு நவாப்களின் தலைநகரம். பதினெட்டாம் நூற்றாண்டில் கர்நாடகப் பகுதி முழுவதற்கும் வரி இங்கிருந்து கணக்கிடப்பட்டது. 1801இல் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன பிறகும் கச்சேரிச் சொற்கள் மாறவில்லை. தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, ஜாஸ்தி, கம்மி, அசல், நகல், ரத்து, வாபஸ் என்று அரபியும் பாரசீகமும் நம் நாக்கில் அப்படியே தங்கிவிட்டன. எழுத்தறியாத நம் பாட்டிகளும் 'பாக்கி' என்பதையும் 'ஜாஸ்தி' என்பதையும் தமிழ் என்றே நினைத்துப் பேசினார்கள். அதில் தவறும் இல்லை. புழங்கினால் அது நம் சொல்தான்.

மாமூல் அரபுச் சொல். செய்யப்பட்டது, நடைமுறையில் இருந்துவருவது என்பது அதன் வேர்ப்பொருள். இதே வேரிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லும் தமிழில் உண்டு: அமல். 'சட்டம் அமலுக்கு வந்தது' என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்த அமல்தான். அமலும் மாமூலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று, எழுதிய சட்டம் நடைமுறைக்கு வருவதைக் குறிக்கிறது. மற்றது, எழுதாமலே நடந்துகொண்டிருப்பதைக் குறிக்கிறது. நம் ஊர்களில் சட்டம் அமலில் இருக்கும். நடப்பது மாமூலாக இருக்கும்.

பழைய அகராதிகளில் மாமூலுக்கு 'வழக்கம்' என்பதே பொருள். அந்தப் பொருள் இன்றும் சாகவில்லை. 'கனமழையால் மக்களின் மாமூல் வாழ்க்கை பாதிப்பு' என்று தலைப்புப் போடுகிறோம். நிலப் பத்திரங்களில் 'மாமூல் வழிநடைப் பாத்தியம்', 'மாமூல் வாய்க்கால்' என்று எழுதுகிறார்கள். பல காலமாக நடந்துவந்த பாதை, பல காலமாகத் தண்ணீர் பாய்ந்த கால்வாய் என்று அர்த்தம். அந்தச் சொல் பத்திரத்தில் இருந்தால் பாதையை மறிப்பவரைத் தட்டிக்கேட்க முடியும்.

இந்த நல்ல சொல் எப்படிக் கையூட்டுக்குப் பெயரானது? வருவதற்கு ஒரு வழி இருந்தது. பண்டிகை நாளில் சேவகருக்கும் தபால்காரருக்கும் ஏதாவது கொடுப்பது பழக்கம். தீபாவளி மாமூல் என்றார்கள். வருடத்துக்கு ஒரு முறை மனம் விரும்பிக் கொடுத்தது, பிறகு மாதத்துக்கு ஒரு முறை ஆனது. பிறகு ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு முறை ஆனது. கொடுத்தவர் கொடுத்ததால் வாங்கினார் என்பது போய், கொடுக்காவிட்டால் வேலை நடக்காது என்று ஆனது. சொல் மட்டும் மாறவில்லை. அதுதான் இந்தச் சொல்லின் வசதி. லஞ்சம் என்றால் உடனே குற்றம் தெரிகிறது. கையூட்டு என்றால் ஒரு கை இன்னொரு கைக்கு ஊட்டுவது கண்ணில் படுகிறது. மாமூல் என்றால் யாரும் கண்ணில் படுவதில்லை. கேட்டவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை, எல்லாம் தானாக நடந்துவருவது.

இதற்கு எத்தனை செல்லப் பெயர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அலுவலகங்களில் டீ செலவு, பேப்பர் செலவு, பெட்ரோல் காசு, 'ஐயாவைக் கொஞ்சம் கவனிக்கணும்'. மருத்துவமனைகளில் ஆண் குழந்தை பிறந்தால் இவ்வளவு, பெண் குழந்தை பிறந்தால் இவ்வளவு, பிணவறையிலிருந்து உடலை வாங்க இவ்வளவு. கல்விக்கூடங்களில் கட்டட நிதி, வளர்ச்சி நிதி, லேப் ஃபீஸ், பயிற்சிக் கட்டணம், ஒன்றும் தோன்றாவிட்டால் 'எக்ஸ்ட்ரா'.

இவற்றில் எல்லாம் அழகான பெயர் 'நன்கொடை'. தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் வயிற்றெரிச்சல் வரும். கொடை என்றால் கொடுப்பவர் மனம் உவந்து கொடுப்பது. அதிலும் நல்ல கொடை. பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான் என்று பள்ளியிலிருந்தே படிக்கிறோம். அந்த முல்லைக்கொடி, 'தேர் கொடுத்தால்தான் படர்வேன், எல்லா அரசரும் கொடுப்பதுதான்' என்று பாரியிடம் சொல்லவில்லை. கேட்டு வாங்குவதற்கு, அதிலும் கொடுக்காவிட்டால் இடமில்லை என்று சொல்லி வாங்குவதற்கு, 'கட்டாய நன்கொடை' என்று பெயர் வைத்திருக்கிறோம். கட்டாயம் என்றால் அது கொடை இல்லை. கொடை என்றால் கட்டாயம் இல்லை.

வழக்கம் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு

மாமூல் எல்லாச் சாதிக்காரரிடமும்தானே வாங்குகிறார்கள், இதில் தலித் மக்களின் பிரச்சினை தனியாக எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில், 'வழக்கம்' என்ற சொல் நம் முதுகில் எப்படி ஏறியது என்பதில் இருக்கிறது.

நம் தாத்தாக்கள் காலத்தில் களத்துமேட்டில் நெல் அளந்து முடிந்ததும், ஊர்த்தொழில் செய்தவர்களுக்கு ஒரு பங்கு அளப்பார்கள். வெட்டியான், தோட்டி, காவல் காத்தவர், தண்ணீர் பாய்ச்சியவர் எல்லாருக்கும் உண்டு. அந்தப் பங்குக்குப் பழைய வருவாய்ப் பதிவேடுகளில் இரண்டு பெயர்கள்: மேரை, சுதந்திரம். ஆம், சுதந்திரம் என்றே பெயர். துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தூரத்தில் நின்று வாங்கிய நெல்லுக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்த நாடு இது.

அதில் இருந்த கணக்கைக் கவனிக்க வேண்டும். வேலை வழக்கம், ஆகவே மாட்டேன் என்று சொல்ல முடியாது. கூலியும் வழக்கம், ஆகவே கூட்டிக்கொடு என்று கேட்க முடியாது. செத்த மாட்டை எடுப்பது, சாவுக்குப் பறை அடிப்பது, குழி வெட்டுவது எல்லாம் அந்த வழக்கத்துக்குள் வந்தன. தோலைத் தொட்டதால் தீட்டு என்றார்கள். அதே தோல் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் பதனிடப்பட்டு ஏற்றுமதியானபோது அந்நியச் செலாவணி என்றார்கள். தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கியவரின் காலனி மட்டும் காலனியாகவே இருந்தது.

ஆக, ஊரில் மற்றவர்களுக்கு வழக்கம் என்பது சில இடங்களில் வரவு, சில இடங்களில் செலவு. நமக்கு அது பெரும்பாலும் செலவு மட்டும்தான். பத்திரத்தில் 'மாமூல் வழிநடைப் பாத்தியம்' எழுதிக்கொள்ள நிலம் வேண்டும். நிலமில்லாதவருக்கு எந்த மாமூல் பாதையும் இல்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியை மறித்ததால், இறந்தவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சி நாடு முழுவதும் பரவிய பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. செத்த பிறகும் ஒருவருக்கு வழக்கமான பாதை என்று ஒன்று கிடைக்கவில்லை. ஆனால் பிணவறையில் கொடுக்க வேண்டிய மாமூல் மட்டும் எந்தச் சாதியையும் விட்டுவைப்பதில்லை.

வழக்கத்தை எதிர்த்து நடந்ததுதான் நம் வரலாறு. 1924இல் பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்று சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தபோது, எதிரே நின்றது வழக்கம். 1927இல் அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்தபோது, சாதி இந்துக்கள் நீதிமன்றத்துக்குப் போய் என்ன சொன்னார்கள்? தீண்டத்தகாதவர்கள் இந்தக் குளத்தைத் தொடாதது தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்றார்கள். நம் பாஷையில் சொன்னால், 'இது மாமூல்' என்றார்கள். வழக்கு பத்தாண்டு நடந்தது. அப்படித் தொன்றுதொட்டு வந்த வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அந்தப் பாடம் அரசியலமைப்புச் சட்டத்துக்குள்ளும் வந்திருக்கிறது. 13ஆவது பிரிவை மாணவர்கள் ஒரு முறை எடுத்துப் படிக்க வேண்டும். அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது அது. சட்டம் என்றால் எவையெல்லாம் என்று பட்டியல் போடும்போது, அரசாணை, விதி, அறிவிக்கை ஆகியவற்றோடு சட்டத்தின் வலிமை பெற்ற வழக்கத்தையும் பழக்கத்தையும் சேர்த்திருக்கிறது. வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக எதுவும் நியாயமாகிவிடாது என்பதை அதைவிடத் தெளிவாக எழுத முடியாது. 1989 முதல் சில ஆண்டுகள் இந்த மாவட்டத்துக்கே 'வட ஆற்காடு அம்பேத்கர்' என்று பெயர் இருந்தது. பெயர்ப்பலகையில் இருந்து அம்பேத்கர் போய்விட்டார். மாவட்டமும் இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்டது. மாமூல் மட்டும் பிரியாமல் மூன்று மாவட்டத்திலும் ஒன்றாகவே இருக்கிறது.

எந்தப் பெயரில் வாங்கினாலும்

கல்லூரி விஷயத்துக்கு வருவோம். கல்வி நிறுவனங்களில் கட்டாய நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992இல் வந்தது. அதே ஆண்டு மோகினி ஜெயின் வழக்கில், இத்தகைய வசூல் கல்வி பெறும் உரிமையை மறுப்பதாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டுச் சட்டம் கட்டாய நன்கொடைக்குத் தரும் விளக்கத்தில் ஒரு தொடர் இருக்கிறது. நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல், நேராகவோ மறைமுகமாகவோ, 'எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும்', வாங்கும் தொகை எல்லாம் அதில் அடங்கும் என்பதே அது.

சட்டம் எழுதியவர்களுக்கு நம் ஊர் நன்றாகத் தெரிந்திருக்கிறது. கட்டட நிதி என்பார்கள், வளர்ச்சி நிதி என்பார்கள், மாமூல் என்பார்கள் என்று தெரிந்தேதான் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் தொகையைப் பிடித்திருக்கிறார்கள். வாங்கும் கட்டணத்துக்கு முறையான ரசீது கொடுக்க வேண்டும் என்பதையும் அந்தச் சட்டம் சொல்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு, 2009இன் கல்வி உரிமைச் சட்டம் நன்கொடை வாங்கும் பள்ளிக்கு, வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் என்கிறது. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். 'இலவச சீட்தானே, மற்றதையாவது கட்டுங்க' என்று கேட்பது அவர்களிடம்தான் அதிகம்.

ரசீது நமக்கு ஏன் இன்னும் முக்கியம் என்றால், நம் பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகையில் நிற்கிறது. அண்ணல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல் தொடங்கியது பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இன்றும் அது உண்டு. கட்டாயமாகக் கட்ட வேண்டிய, திருப்பித் தரப்படாத கட்டணங்களை அந்தத் திட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கணக்கில் இருக்கும் கட்டணத்தைத்தான் ஏற்றுக்கொள்ளும். ரசீது இல்லாமல் கொடுத்த 7,500 எந்தக் கணக்கிலும் இல்லை. அது திரும்பி வராது. அரசு ஒரு கையால் கொடுப்பதை, மேசைக்கு அடியில் இருக்கும் இன்னொரு கை எடுத்துக்கொள்கிறது.

அதற்கு மேலும் ஒரு வேதனை உண்டு. வகுப்பில் உட்கார்ந்ததும், 'உங்களுக்கென்னப்பா, எல்லாமே ஃப்ரீ' என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். வட்டிக்கு வாங்கிக் கட்டிய 7,500ஐப் பற்றி அந்தப் பிள்ளை அவரிடம் சொல்ல முடியாது. ஏனென்றால் கையில் ரசீது இல்லை. சலுகை என்று ஊர் சொல்வது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அதற்காக நாம் கொடுத்த மாமூல் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

சரி, தெரிந்தும் ஏன் கொடுக்கிறோம்? பயம் மட்டும் காரணம் இல்லை. கணக்கும் காரணம். சாதிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். அதோடு முடிய வேண்டிய வேலை. முடியாதபோது அலுவலகத்துக்கு அலைய வேண்டும். ஷூ கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. தோல் ஷாப்பில் தினக்கூலிக்கு நிற்பவருக்கும் அதேதான். இரண்டு நாள் அலைந்தால் ஆயிரத்துக்கு மேல் நஷ்டம். மாமூலாகக் கேட்பது ஐந்நூறு. கொடுத்துவிட்டுப் போவது லாபம் என்று மனம் கணக்குப் போடுகிறது. கேட்பவருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். எதிர்த்து நின்றால் ஆகும் செலவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் எப்போதும் கேட்பார். மாமூலின் விலையை நிர்ணயிப்பது நம்முடைய நாள் கூலிதான். அதனால் 'நம் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று யாராவது மேடையில் பேசினால் நமக்குக் கோபம் வருகிறது. விழிப்புணர்வு இருக்கிறது. லீவுதான் இல்லை.

நம் பக்கத்துக் கணக்கு

அடுத்தவரை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. காலனிக்குக் காலனி இன்று ஒரு புரோக்கர் இருக்கிறார். பல இடங்களில் அவர் நம் பிள்ளைதான். படித்தவர், நாலு அலுவலகம் தெரிந்தவர். வீடு கட்டும் திட்டத்தில் அடுத்த தவணையை வாங்கித் தருகிறேன், முதியோர் பென்ஷன் மனுவை நகர்த்துகிறேன் என்று வந்து, 'ஆபீஸ்ல கேக்கறாங்க' என்று ஒரு தொகை சொல்கிறார். அதில் ஆபீஸுக்குப் போவது எவ்வளவு, அவர் சட்டைப்பையில் தங்குவது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அவரை ஒரேயடியாகத் திட்டவும் மனம் வரவில்லை. பட்டம் வாங்கிய பிள்ளைக்கு வேலை கிடைக்காத ஊரில், அலுவலகத்துக்கும் காலனிக்கும் நடுவே நிற்பதே ஒரு வேலையாகிவிட்டது. ஆனால் அம்மாவின் பென்ஷனில் கமிஷன் எடுப்பவர், எவ்வளவு நீலத்துண்டு போட்டிருந்தாலும், மாமூல்காரர்தான்.

இயக்கங்களில் இருக்கும் நாமும் கண்ணாடி பார்க்க வேண்டும். ஏப்ரல் 14க்குத் தெருத்தெருவாகக் காசு வசூலிக்கிறோம். தோல் மண்டியிலும் கடைத்தெருவிலும் கேட்கிறோம். எத்தனை முறை ரசீதுப் புத்தகம் எடுத்துப் போயிருக்கிறோம்? விழா முடிந்த பிறகு எத்தனை முறை வரவு செலவைத் தாளில் எழுதி மன்றத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்? நாமே ரசீது கொடுக்காதபோது, அடுத்தவரிடம் ரசீது கேட்கும் தைரியம் நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்? இதை எழுதும்போது சில பழைய ஏப்ரல்கள் நம் நினைவுக்கு வருகின்றன. வெட்கமாகத்தான் இருக்கிறது.

வந்து சேர்ந்தது

ரசீது என்பதும் கச்சேரிச் சொல்தான். இது பாரசீகம். 'வந்து சேர்ந்தது' என்று அர்த்தம். வசூல் என்ற அரபுச் சொல்லுக்கும் வேர்ப்பொருள் வந்து சேர்தலே. வசூல் என்றால் காசு அவர் கைக்கு வந்து சேர்ந்தது. ரசீது என்றால், வந்து சேர்ந்தது என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டது. வசூல் உண்டு, ரசீது இல்லை என்றால் வாங்கியவர் வாங்கியதை ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை என்று பொருள். வழக்கம்தானே, எல்லாரும் கட்டுவதுதானே, அப்படியானால் எழுதிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

இந்த ஒரு கேள்வி போதும். சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். 'கட்டறோம் சார், ரசீது போடுங்க' என்று சொன்னால் போதும். பாதி மாமூல் அந்த இடத்திலேயே சுருங்கும். சுருங்காதபோது செய்ய வேண்டியவை சில உண்டு.

அரசு அலுவலகமாக இருந்தால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை இருக்கிறது. பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே அவர்களிடம் போவது நல்லது. ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்துக் கையும் களவுமாகப் பிடிப்பதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. இந்த ஏழு நாள் என்பதை எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தனியார் கல்லூரி, பள்ளி என்றால் நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அரசுத் துறையிடம் பத்து ரூபாயில் மனுப் போடலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் கிடையாது. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் புகார் கொடுக்கலாம். கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்க வேண்டும். அதுவும் ஒரு ரசீதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தனியாகப் போகாமல் இருப்பது. ஒரு தாய் இரண்டு நாள் லீவு போட முடியாது. ஆனால் ஒரு காலனியில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், சேர்க்கை நடக்கும் ஜூன், ஜூலையில் ஆளுக்கு ஒரு நாள் கூடப் போக முடியும். புரோக்கர் செய்யும் வேலையை இந்தப் பத்துப் பேர் கமிஷன் இல்லாமல் செய்ய முடியும். எதிர்த்து நிற்க ஆகும் செலவு குறைந்தால் மாமூலின் விலையும் இறங்கியே தீரும். நாம் மேலே சொன்ன அதே கணக்குத்தான், இந்த முறை நம் பக்கத்திலிருந்து.

இனி அந்தக் கல்லூரியில் நடந்தது. 'ரசீது கிடையாது' என்று எழுத்தர் சொன்னதும் அம்மா காசை எண்ணத் தொடங்கிவிட்டார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டது. "ரசீது இல்லாத காசு ஸ்காலர்ஷிப்ல வராதும்மா" என்றது. நாமும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி மெதுவாகச் சொன்னோம். எழுத்தர் உள்ளே போய்விட்டு வந்தார். அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு, "சரி, பஸ்ஸுக்கும் டிரெஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு 3,000 கட்டுங்க, ரசீது போட்டுத் தரோம்" என்றார்கள்.

இது வெற்றி என்று சொல்ல மாட்டோம். அந்த 3,000மும் பட்டியலில் இருந்ததா என்ற கேள்வி இருக்கிறது. அதைக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். அன்று அதற்கு மேல் இழுக்க அந்த அம்மாவுக்கு நேரம் இல்லை, மதிய ஷிஃப்டுக்குக் கம்பெனி வேன் போய்விடும். ஆனால் 4,500 ரூபாய் அந்தச் சுருக்குப் பையிலேயே இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அந்த இரண்டு ரசீதுகளையும் மகள் பிளாஸ்டிக் பையில், சாதிச் சான்றுக்குப் பக்கத்தில் வைத்தது. அம்மா நம்மிடம் கேட்டார்: "ஏன் அண்ணா, இத்தினி வருசமா நான் கொடுத்ததுக்கெல்லாம் கேட்டிருந்தா, அப்பவும் கொடுத்திருப்பாங்களா?"

என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றோம். வேன் வந்துவிட்டது.